ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: யாருக்கு எந்த வழி?

கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆனால் போதும், எனக்கு அந்த போன் வந்துவிடும். "மாமா, லேப்டாப்ல லினக்ஸ் போடணும். விண்டோஸும் இருக்கணும். எவ்வளவு நேரம் ஆகும்?" போன வருடம் கேட்டது அக்கா மகன். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப், ஆபரேட்டிங் சிஸ்டம் லேப் பாடம்.

அதே மாதம் எதிர் வீட்டு அக்காவும் கேட்டார். நாலைந்து கடைகளுக்கு வீட்டிலிருந்தே டேலியில் கணக்கு எழுதிக் கொடுப்பவர். பிளஸ் டூ படிக்கும் மகனுக்கு அதே டெஸ்க்டாப்பில் லினக்ஸ் வேண்டுமாம். மூன்றாவது ஆள், பள்ளியில் எனக்குக் கணக்கு எடுத்த சார். அவருடைய பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 10-இல் ஓடுகிறது; 11-க்குப் போக அதற்குத் தகுதி இல்லை.

மூவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: டூயல் பூட். அதாவது ஒரே கணினியில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்களை (ஓஎஸ்) வைத்து, ஆன் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. கடைசியில் மூவருக்கும் சரிப்பட்டது மூன்று வேறு வழிகள்.

தமிழ்நாட்டில் இந்த இரட்டை மெனு ஒன்றும் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல மடிக்கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சிடாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். எங்கள் தெருவில் பாஸைத் திறந்து பார்த்தவர்களைவிட, படம் ஏற்ற இடம் போதவில்லை என்று அந்தப் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் அதற்கெனப் பிரித்த பகுதியை) அழித்தவர்கள்தான் அதிகம். இரண்டாவது ஓஎஸ் வேண்டும் என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த நினைவுதான் முதலில் வரும். போடுவது எளிது, அதற்குள் போவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

ஒரு நாளைக்கு எத்தனை முறை இங்கிருந்து அங்கே மாறப் போகிறீர்கள்? இதுதான் முதல் கேள்வி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் கணினியை ரீஸ்டார்ட் செய்வது பெரிய விஷயமில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் இரண்டாவது வாரமே சலித்துவிடும்.

இரண்டாவது கேள்வி, அந்தக் கணினியை வேறு யார் தொடுகிறார்கள் என்பது. அது ஒரு நாள் திறக்காமல் போனால் யாருடைய வேலை நிற்கும்? மாணவனின் சொந்த லேப்டாப்புக்கும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இங்கேதான் வழி பிரிகிறது.

அப்புறம் வன்பொருள். ராம் எவ்வளவு, டிஸ்க்கில் எவ்வளவு காலி இடம், இரண்டாவது டிஸ்க் போட உள்ளே இடம் இருக்கிறதா, செய்யப்போகும் வேலைக்கு கிராஃபிக்ஸ் கார்டு முழுசாக வேண்டுமா. இதெல்லாம் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். கடைசியாக ஒன்று: கெட்டுப்போனால் சரிசெய்யப் போவது யார்? "தம்பி வந்து பார்ப்பான்" என்றால், அந்தத் தம்பியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

| வழி | மாற ஆகும் நேரம் | வேகம் | ராம் | இருக்கும் விண்டோஸுக்கு ஆபத்து | கைக்காசு |
|---|---|---|---|---|---|
| ஒரே டிஸ்க்கில் டூயல் பூட் | ரீஸ்டார்ட் | முழு வேகம் | 4 ஜிபியிலும் ஓடும் | அதிகம் | இல்லை |
| இரண்டாவது டிஸ்க் | ரீஸ்டார்ட் | முழு வேகம் | 4 ஜிபியிலும் ஓடும் | குறைவு | ஒரு எஸ்எஸ்டி விலை |
| விர்ச்சுவல் மெஷின் (விண்டோஸுக்குள் ஒரு ஜன்னலில் முழு லினக்ஸ்) | ஒரு கிளிக் | கொஞ்சம் குறையும்; கிராஃபிக்ஸ் மந்தம் | 16 ஜிபி இருந்தால் நிம்மதி | இல்லை என்றே சொல்லலாம் | ராம் கூட்ட வேண்டிவரலாம் |
| டபிள்யூஎஸ்எல் (விண்டோஸின் டெர்மினலுக்குள் லினக்ஸ்) | உடனே | கிட்டத்தட்ட முழு வேகம் | 8 ஜிபியில் சமாளிக்கலாம் | இல்லை என்றே சொல்லலாம் | இல்லை |
| பென்டிரைவ், வெளி எஸ்எஸ்டி | ரீஸ்டார்ட் | பென்டிரைவ் மெதுவு, எஸ்எஸ்டி பரவாயில்லை | 4 ஜிபியிலும் ஓடும் | குறைவு, கவனமாக இருந்தால் | பென்டிரைவ் அல்லது எஸ்எஸ்டி விலை |

## ஒரே டிஸ்க்கைப் பிரித்துப் போடுவது

டூயல் பூட் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது இதுதான். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி, காலி இடம் உண்டாக்கி, அங்கே லினக்ஸைப் பதிவது. அடுத்த முறை ஆன் செய்தால் க்ரப் என்ற கறுப்புத் திரை வந்து, உபுண்டுவா (லினக்ஸின் ஒரு வகை) விண்டோஸா என்று பத்து விநாடி காத்து நிற்கும்.

இதன் பலம் பெரியது. எதைத் திறக்கிறீர்களோ அதற்கு முழு ராம், முழு கிராஃபிக்ஸ் கார்டு, முழு பேட்டரி. லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிமம் அப்படியே இருக்கும். தனியாக எதுவும் வாங்க வேண்டாம். உபுண்டு 24.04-க்கு 25 ஜிபி இடம் போதும் என்பார்கள். நடைமுறையில் 60 ஜிபியாவது ஒதுக்குங்கள்.

செலவு பிறகுதான் தெரியும், அதுவும் தவணை தவணையாக.

முதல் தவணை, இடம். சி டிரைவில் 150 ஜிபி காலியாக இருந்தும், சுருக்கப் போனால் 20 ஜிபிதான் தருவேன் என்று விண்டோஸ் அடம்பிடிப்பதைப் பார்க்கலாம். நகர்த்த முடியாத சில ஃபைல்கள், அதாவது பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல் போன்றவை, டிஸ்க்கின் நடுவில் உட்கார்ந்திருக்கும். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி முயல வேண்டும்.

இரண்டாவது, பூட்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே, பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது (என்க்ரிப்ட் ஆகிறது). ஹோம் பதிப்பிலும் இப்படித்தான். நீங்கள் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையில்) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பையோ பூட் வரிசையையோ மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எந்தக் கணக்கு என்பதுதான் பிரச்சினை. கடைக்காரர் அவசரத்துக்கு உண்டாக்கிக் கொடுத்த ஏதோ ஒரு மின்னஞ்சல் முகவரி என்றால் கதை முடிந்தது. லினக்ஸ் பென்டிரைவைத் தயார் செய்வதற்கு முன்பே இந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். நீங்கள் ஷட் டவுன் அழுத்தினாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. பாதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்தால், படிக்கலாம், எழுத முடியாது என்று கைவிரிக்கும். வற்புறுத்தி எழுதினால் ஃபைல்கள் சிதையலாம். பவர் ஆப்ஷன்ஸில் போய் இதை அணைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பிறகு அது மறுபடி உயிர்பெற்றிருக்கிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

நான்காவது, கடிகாரம். இதை நான் கணக்கு எழுதுபவர்களிடம் மறக்காமல் சொல்வேன். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் நினைக்கும்; லினக்ஸ் அங்கே உலக நேரத்தை எழுதும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். ஆகவே லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்ததும், இரவு 8 மணி பிற்பகல் 2:30 ஆகத் தெரியும். ஏப்ரல் 1 விடியற்காலை 5 மணிக்குத் திறந்தால், மார்ச் 31 இரவு 11:30 என்று காட்டும். நிதியாண்டே மாறிப் போகிறது! இணையம் வந்ததும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும், அதற்குள் ஒரு வவுச்சர் போட்டுவிட்டால்தான் தலைவலி. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் போதும்.

புளூடூத் மவுஸ் இன்னொரு சில்லறைத் தொல்லை. விண்டோஸில் இணைத்த மவுஸை லினக்ஸில் இணைத்தால், திரும்பி வரும்போது விண்டோஸ் அதை மறந்திருக்கும். இரண்டுக்கும் தனித்தனிச் சாவி, மவுஸோ ஒரு கணினிக்கு ஒரு சாவியைத்தான் நினைவில் வைக்கும். வயர் மவுஸ் வாங்கிவிடுங்கள்.

சில இன்டெல் லேப்டாப்புகளில் லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே கண்ணில் படாது. பயாஸில் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற அமைப்பு இருப்பதுதான் காரணம். அதை ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும், மாற்றினால் விண்டோஸ் திறக்காது, அதற்கு முதலில் சேஃப் மோடில் போய் வர வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் பாதிக் கிணறு தாண்டி நிற்கிறார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் வெளியிலிருந்து ஓர் அடி வரலாம். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், செக்யூர் பூட்டில் பழைய, ஓட்டையுள்ள பூட்லோடர்களை (ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்களை) தடுத்தது. டூயல் பூட் கணினிகளுக்கு இது பொருந்தாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும், பலருக்கு லினக்ஸ் பக்கம் திறக்காமல் போனது. முழுத் தீர்வு வர 2025 மே ஆயிற்று. அந்தத் தடை டிஸ்க்கில் அல்ல, மதர்போர்டின் நினைவகத்தில் எழுதப்பட்டதால், தனி டிஸ்க் வைத்திருந்தவர்களும் பழைய லினக்ஸ் பென்டிரைவ் வைத்திருந்தவர்களும்கூடத் தப்பவில்லை.

போடுவதைவிட எடுப்பது கஷ்டம் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வருடங்களுக்கு முன்பு, இடம் வேண்டும் என்று விண்டோஸுக்குள்ளிருந்தே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தேன். ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரையில் "க்ரப் ரெஸ்க்யூ" என்று ஒரே ஒரு வரி, பக்கத்தில் கண் சிமிட்டும் கர்சர். மெனுவைக் காட்டுவது லினக்ஸ் பார்ட்டிஷனில் இருந்த க்ரப், அதைத்தான் அழித்திருந்தேன். இரவு பத்து மணி, வீட்டில் வேறு கணினி கிடையாது. மறுநாள் காலையில் நண்பர் வீட்டுக்குப் போய் விண்டோஸ் பென்டிரைவ் தயார் செய்து, அதிலிருந்து விண்டோஸின் பூட்லோடரைத் திரும்ப எழுதிய பிறகுதான் உயிர் வந்தது. இப்போதைய யூஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்) கணினிகளில் பயாஸுக்குள் போய் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றினாலே பெரும்பாலும் போதும். ஆனாலும் பார்ட்டிஷனை அழிக்கும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

அப்படியானால் இதை யார் தேர்ந்தெடுக்கலாம்? உள்ளே ஒரே ஒரு டிஸ்க்குக்குத்தான் இடம் உள்ள சொந்த லேப்டாப், ராம் 8 ஜிபி அல்லது குறைவு, லினக்ஸில் ஒரு தடவை உட்கார்ந்தால் மூன்று நாலு மணி நேரம் எழுந்திருக்காத ஆள். இந்த மூன்றும் பொருந்தினால் தாராளமாகப் போடுங்கள். விளையாட்டுப் பிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லினக்ஸுக்காக செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும் பழைய வீடியோக்களை நம்ப வேண்டாம். உபுண்டு, ஃபெடோரா, மின்ட் எல்லாம் அது ஆன் ஆக இருக்கும்போதே நிறுவப்படும். அணைத்தால் விண்டோஸ் 11-இல் வேலோரன்ட் திறக்காது.

## இரண்டாவது டிஸ்க்கில் போடுவது

எதிர் வீட்டு அக்காவுக்கு நான் சொன்னது இதுதான். விண்டோஸ் டிஸ்க்கை யாரும் தொடக்கூடாது. மகனுக்குத் தனி எஸ்எஸ்டி.

டெஸ்க்டாப் என்றால் ஒரு சாட்டா கேபிள், ஒரு பவர் கேபிள், நாலு திருகு. லேப்டாப்பில் பாருங்கள்: வன்தட்டோடு விற்ற சில ஆண்டுகளுக்கு முந்தைய மாடல்கள் பலவற்றில் எம்.2 இடம் (சின்ன எஸ்எஸ்டி செருகும் இடம்) காலியாகவே இருக்கும். அந்த இடம் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை ஏற்குமா, சாட்டா வகை மட்டும்தானா என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்; இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஒன்றுக்கொன்று வேலை செய்யாது. டிவிடி டிரைவ் உள்ள பழைய லேப்டாப் என்றால் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேடி (caddy) என்ற தாங்கிச் சட்டத்தைப் போட்டு டிஸ்க் மாட்டலாம்.

முக்கியமான ஒரே விதி: லினக்ஸை நிறுவும்போது விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். முடியாத லேப்டாப்பில் பயாஸில் அந்த டிஸ்க்கை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் சில இன்ஸ்டாலர்கள், லினக்ஸைப் புது டிஸ்க்கில் போட்டுவிட்டு பூட்லோடரை மட்டும் விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும். அப்புறம் இரண்டு டிஸ்க் இருந்தும் ஒரே டிஸ்க் கதைதான்.

நிறுவி முடித்துக் கேபிளை மாட்டியதும், பயாஸில் விண்டோஸையே முதலாவதாக வைத்தேன். அக்கா எப்போதும்போல் ஆன் செய்தால் நேராக டேலி வரும், மெனு எதுவும் கேட்காது. மகன் உட்காரும்போது மட்டும் ஆன் செய்த உடனே பூட் மெனு பொத்தானைத் தட்டுவான். டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9, எம்எஸ்ஐ போர்டில் எஃப்11. லினக்ஸ் வேண்டாம் என்று ஆகிவிட்டால் அந்த டிஸ்க்கைக் கழற்றினால் முடிந்தது.

கடிகாரமும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் இங்கேயும் உண்டு, ஒருமுறை சரிசெய்துவிட்டால் போதும். லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிஸ்க் கண்ணுக்குத் தெரியும், கைபடும். பையன் ஆர்வத்தில் "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யலாமா" என்று கேட்கும் பெட்டிக்கு ஆமாம் சொல்லிவிட்டால் தனி டிஸ்க் ஒன்றும் காப்பாற்றாது. டேலி டேட்டா தினமும் ஒரு வெளி டிரைவுக்குப் போக வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைத்தேன். விலையைப் பொறுத்தவரை, 2025 இறுதியிலிருந்து ராமும் எஸ்எஸ்டியும் ஏறுமுகம். பழைய வீடியோவில் கேட்ட விலையை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள்.

பார்ட்டிஷனில் கைவைக்கும் எந்த வேலையையும் கரண்ட் போகும் நேரத்தில் செய்யாதீர்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கட்டாயம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துக்கொண்டு உட்காருவது நல்லது.

## விர்ச்சுவல் மெஷின்

விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னல், அந்த ஜன்னலுக்குள் முழு லினக்ஸ். டிஸ்க்கைப் பிரிக்க வேண்டாம், பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருந்தால் போதும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் அது தெரியும். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். காசுக்கு விற்ற விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 மே முதல் சொந்தப் பயன்பாட்டுக்கும், நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசமாகிவிட்டது. விண்டோஸிலேயே இருக்கும் ஹைப்பர்-வி, ஹோம் பதிப்பில் கிடைக்காது.

எனக்கு இதில் பிடித்தது ஸ்னாப்ஷாட். எதையாவது நோண்டுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், எவ்வளவு கெடுத்தாலும் ஒரு கிளிக்கில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். கற்றுக்கொள்பவனுக்கு இதைவிடத் தைரியம் தரும் விஷயம் கிடையாது. முழு லினக்ஸும் ஓரிரு ஃபைல்களாக இருப்பதால் அப்படியே வெளி டிரைவில் காப்பி எடுத்துவிடலாம்.

இதற்கு விலை ராம். விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே மூன்று நாலு ஜிபியைத் தின்றுவிடும். 8 ஜிபி லேப்டாப்பில் லினக்ஸுக்கு 4 ஜிபி கொடுத்தால், பிரௌசரைத் திறந்ததும் இரண்டும் சேர்ந்து திணறும். மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு நல்ல இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் திண்ணையில் படுப்பதுபோல்தான். 16 ஜிபி இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் மூலையில் சில சமயம் ஒரு பச்சை ஆமை தோன்றும். விளையாட்டுக்கு வைத்த படம் இல்லை அது. விண்டோஸின் ஹைப்பர்-வி அடுக்கு ஏற்கெனவே இயங்குகிறது, அதன் முதுகில் ஏறித்தான் நான் ஓட வேண்டும், ஆகவே மெதுவாக ஓடுவேன் என்று அர்த்தம். டபிள்யூஎஸ்எல்லையும் விண்டோஸ் பாதுகாப்பு அமைப்புகளில் கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டியையும் ஆன் செய்து வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆமை வழக்கமான விருந்தாளி.

இன்னும் மூன்று செலவுகள். கிராஃபிக்ஸ் கார்டு உள்ளே கிடைக்காது. கேம், பிளெண்டர், மெஷின் லேர்னிங் எதுவும் எடுபடாது. டிஸ்க் ஃபைல் வளரும், உள்ளே அழித்தாலும் தானாகச் சுருங்காது. கேமராவில் கண்காணித்து நடத்தும் ஆன்லைன் தேர்வு மென்பொருள்கள் பல, விர்ச்சுவல் மெஷின் என்று தெரிந்தாலே திறக்க மறுக்கும்.

தலைகீழாகவும் போடலாம். நான் நாலு வருடமாக அப்படித்தான்: கணினியில் லினக்ஸ், ஜன்னலுக்குள் விண்டோஸ். மாதத்தில் மூன்று நாலு முறை டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகிக் கையெழுத்துப் போட மட்டும் திறப்பேன். யூஎஸ்பி டோக்கனை ஜன்னலுக்குள் அனுப்புவது ஒரு டிக் அடிக்கும் வேலை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பையும் விர்ச்சுவல்பாக்ஸ் 7 பொய்யாக உண்டாக்கித் தருகிறது. ஆனால் லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிமம் அந்த இயந்திரத்துக்கானது. ஜன்னலுக்குள் ஓடும் விண்டோஸுக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். இந்தக் காசை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

## டபிள்யூஎஸ்எல்

லினக்ஸுக்கான விண்டோஸ் துணை அமைப்பு என்று முழுப் பெயரைச் சொன்னால் பயந்துவிடுவார்கள். விஷயம் எளிது: விண்டோஸின் டெர்மினலில் ஒரே ஒரு கட்டளை, ஒரு ரீஸ்டார்ட், உபுண்டு தயார். ஹோம் பதிப்பிலும் வேலை செய்யும். 2020-இல் பொதுவெளிக்கு வந்த இரண்டாம் பதிப்பில் இருப்பது உண்மையான லினக்ஸ் கெர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதி.

அக்கா மகனிடம் லேப் பாடப் பட்டியலை அனுப்பச் சொன்னேன். ஷெல் ஸ்கிரிப்ட், ஃபோர்க், செமஃபோர், பக்கத்திலேயே சி நிரல்கள். எல்லாமே கறுப்புத் திரையில் முடிகிற வேலை. இதற்கு டிஸ்க்கைப் பிரிப்பது, கொசு அடிக்க உலக்கை தேடுவது. போனிலேயே சொல்லிக்கொடுத்து இருபது நிமிடத்தில் முடிந்தது. விஷுவல் ஸ்டுடியோ கோடு விண்டோஸில் திறந்திருக்கும், நிரல் லினக்ஸில் ஓடும், அசைன்மென்ட்டை வேர்டில் ஒட்டிக்கொள்வான். மாற ஆகும் நேரம் என்று ஒன்று கிடையாது.

அவன் இரண்டு இடத்தில் தடுக்கினான். முதல் வாரம், "மாமா, ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்றான். சி டிரைவில் இருந்த ஃபோல்டரை லினக்ஸ் உள்ளிருந்து திறந்து வேலை பார்த்திருக்கிறான். அந்தப் பாலத்தைக் கடப்பதுதான் மெதுவு. ஃபைல்களை லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்குள் வைத்தவுடன் வேகம் வந்தது. இரண்டாவது, ராம். தானாக விட்டால் மொத்த ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபியில் பாதி போனால் மீதியில் குரோம் மூச்சுவிட முடியாது. செட்டிங்ஸில் 3 ஜிபி என்று வரம்பு வைத்தோம்.

என்விடியா கார்டு இருந்தால் மெஷின் லேர்னிங்குக்கு அதை உள்ளிருந்தே பயன்படுத்தலாம். இந்த ஒரு விஷயத்தில் விர்ச்சுவல்பாக்ஸை அடித்துவிடுகிறது. ஆனால் லினக்ஸ் டெஸ்க்டாப் எப்படி இருக்கும், வைஃபை டிரைவர் எப்படிப் போடுவது, கணினி எப்படி பூட் ஆகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பவருக்கு இது உதவாது. வீட்டைச் சுற்றிப் பார்க்காமல் சமையலறையில் மட்டும் நிற்பது மாதிரி. ஆர்டுயினோ போன்ற யூஎஸ்பி சாதனங்களையும் நேராகச் செருக முடியாது, இடையில் ஒரு சின்ன மென்பொருள் வேண்டும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: 2020 இறுதியில் எம்1 சிப் வந்ததிலிருந்து அந்தச் சிப் உள்ள கணினிகளில், மேக்கில் விண்டோஸை டூயல் பூட் செய்ய உதவிய பூட் கேம்ப் கிடையாது. விண்டோஸ் வேண்டுமென்றால் விர்ச்சுவல் மெஷின்தான் வழி, அதுவும் ஆர்ம் வகைச் சிப்புக்கான விண்டோஸ் பதிப்பு.

## பென்டிரைவிலிருந்து ஓட்டுவது

நிரந்தர வழியாக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. சாதாரண பென்டிரைவ் மெதுவு, தினமும் எழுதினால் சீக்கிரம் தேய்ந்தும் போகும். வெளி எஸ்எஸ்டியில் யூஎஸ்பி 3 வழியாக முழுசாக நிறுவினால் தினசரிக்கே தாங்கும். அப்போதும் மேலே சொன்ன விதிதான், உள்ளிருக்கும் டிஸ்க்கை அணைத்துவிட்டு நிறுவ வேண்டும். ஆனால் சோதனைக்கு இதற்கு இணையே இல்லை. வைஃபை பிடிக்கிறதா, சவுண்ட் வருகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று எதையும் நிறுவாமலே பார்த்துவிடலாம். நம்மூரில் ஓடும் சின்ன லேசர் பிரிண்டர்கள் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைப்பதே குதிரைக் கொம்பு. அது தெரியாமல் டிஸ்க்கை அழித்தவர்கள் உண்டு.

கணக்கு சாருக்கு இந்தப் பென்டிரைவைத்தான் கொடுத்தேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் நீளும், அவ்வளவுதான். அவருடையது ஆறாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்.

அவருடைய கவலை எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய வினாத்தாள்கள். எழுத்துரு ஃபைலைக் காப்பி செய்து போட்டதும் லிபர் ஆஃபிஸில் அவை அப்படியே தமிழாகத் திறந்தன, அதே விசைகளில் விரலும் ஓடியது. பிரிண்டரும் ஓடியது. ஒரு வாரம் கழித்துப் போனபோது, "ரெண்டும் இருக்கட்டும்பா, எதுக்கும்" என்றார். நான் பேசிப் பார்க்கவில்லை. ஒரு எஸ்எஸ்டி வாங்கி அதில் மின்ட் மட்டும் போட்டேன், வினாத்தாள்களையும் போட்டோக்களையும் மாற்றினேன், பழைய விண்டோஸ் வன்தட்டைக் கழற்றி செய்தித்தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம் சார் என்றேன். தேதியை எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருக்கிறார்.